துணிந்து முயலாத பணியிடம், திறனைக் காட்டத் தெரியாத மாணவர்: இரண்டுக்கும் வேர் ஒன்றே

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் உற்பத்திப் பிரிவை நடத்துகிறீர்கள். அருகிலுள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் ஆலோசனைக் குழுவிலும் இருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. பிரிவிலுள்ள இளம் பொறியாளர்கள் சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்கிறார்கள், ஆனால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்க ஒருவரும் முன்வருவதில்லை, அவர்களைத் துணிய வைப்பது எப்படி என்பது முதல் பகுதி. நேர்காணலுக்கு வரும் மாணவர்கள் கோப்பு நிறையச் சான்றிதழ்கள் கொண்டுவந்தாலும், அரை மணி நேரம் பேசிய பிறகும் அவர்களால் என்ன செய்ய முடியும் என்பது தெரியவில்லை, தங்கள் திறனை வேலை தருபவரிடம் காட்ட அவர்களுக்கு எப்படி உதவுவது என்பது இரண்டாவது.

வழக்கமாக முதல் கேள்வியை மனிதவளப் பிரிவிடமும் இரண்டாவதைக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடமும் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்படத் தொழிலிலும், அதன்பின் பயிற்சியிலும் நேர்காணல் குழுக்களிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இரண்டுக்கும் வேர் ஒன்றே என்று உறுதியாக நம்புகிறேன். முயன்று தவறிய வேலையை நம் பள்ளியும் கல்லூரியும் தொழிற்சாலையும் ஒரே விதமாகத்தான் நடத்துகின்றன. அதை அழித்துவிட்டுச் சரியான விடையை மட்டும் காட்டு என்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் கிடைத்த அளவு பாடநூலோடு ஒத்துவராதபோது, கிடைத்ததை விட்டுவிட்டு வரவேண்டிய அளவை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கப் பழகியவர்தான், பின்னாளில் நேர்காணலில் தன் ப்ராஜெக்ட் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது என்று சொல்கிறார். வேலையில் சேர்ந்த பின், உங்கள் காலைக் கூட்டத்தில் வாய் திறக்காமல் நிற்பவரும் அவர்தான்.

இந்த மௌனம் எப்படி உருவாகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு வார்ப்பாலையில் பம்பு கேசிங்கின், அதாவது பம்பின் வெளிக்கூட்டின், தடித்த பகுதியில் உலோகம் ஆறிச் சுருங்குவதால் வரும் சுருக்கக் குழி விழுந்துகொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளைஞர், ஆறும்போது சுருங்கும் வார்ப்படத்துக்கு உருகிய உலோகத்தை ஊட்டும் ரைசரின் இடத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று யோசனை சொல்லி, சூப்பர்வைசரின் அனுமதியோடு ஆறு அச்சுகளில் ஊற்றிப் பார்த்தார். நான்கில் முன்பு இல்லாத ஊதுகுழிகள், அதாவது வாயு சிக்கி விழும் ஓட்டைகள், வந்தன. மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் மேலாளர் கேட்ட ஒரே கேள்வி, "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்பது. அனுமதி கொடுத்த சூப்பர்வைசர் தலை குனிந்து நின்றார். அன்று மழை பெய்து மணலின் ஈரப்பதம் கூடியிருந்ததும், ஊதுகுழிக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும் என்பதும் வெகுநாள் கழித்தே பேசப்பட்டன. அந்த ஆறு அச்சுகளும் ரைசர் மாற்றம் தவறு என்பதையும் காட்டவில்லை, சரி என்பதையும் காட்டவில்லை. ஆனால் அந்த இளைஞர் அதன்பின் எந்த யோசனையும் சொல்லவில்லை. அவரோடு அந்தக் கூட்டத்தில் நின்றவர்களும் சொல்லவில்லை. பழைய சுருக்கக் குழி பழையபடியே தொடர்ந்தது. உருக்கி மீண்டும் ஊற்றிவிடக்கூடிய நான்கு வார்ப்படங்களுக்காக அந்த நிறுவனம் கொடுத்த விலை அது.

இதே உண்மையை ஆய்வு வழியில் கண்டவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஏமி எட்மண்ட்சன். மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை அவர் 1990களில் ஆராய்ந்தபோது, நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளோ நேர்மாறாக இருந்தன. நல்ல குழுக்களில்தான் பிழை எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்தது. கூர்ந்து பார்த்தபோது, அந்தக் குழுக்களில் பிழைகள் கூடுதலாக நேரவில்லை, நேர்ந்தவை கூடுதலாக வெளியே சொல்லப்பட்டன என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார். பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கேள்வி கேட்டாலும் பிழையை ஒப்புக்கொண்டாலும் தன்னை யாரும் இழிவுபடுத்தமாட்டார்கள் என்று குழுவிலுள்ளவர்கள் நம்பினால்தான் அங்கே கற்றல் நடக்கிறது என்பதைக் காட்டியது. இதிலிருந்து உங்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பிரிவில் பிழைகளே பதிவாகவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். பிழை இல்லாத பிரிவைவிட, பிழையைச் சொல்ல அஞ்சும் பிரிவு என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

துணிச்சலைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டில் எல்லாரும் எடுத்துக்காட்டும் நிகழ்வு, 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அந்த நான்கு கட்ட ராக்கெட்டின் திட்ட இயக்குநர் அப்துல் கலாம். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. ஏவுவதற்கு முன்பே கணினி எச்சரித்து நிறுத்தியதையும், உடனிருந்த வல்லுநர்களின் கருத்தைக் கேட்டு அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லத் தாமே முடிவெடுத்ததையும் கலாம் பின்னாளில் மேடைகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அன்று செய்தியாளர்களைச் சந்தித்தவர் இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான். தோல்விக்கான பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, தம் குழுமீது நம்பிக்கை இருப்பதாக அவர் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவிட்டுத் தவான் பின்னால் நின்றுகொண்டார்.

இந்தக் கதை பெரும்பாலும் பெருந்தன்மைக் கதையாகவே சொல்லப்படுகிறது. அதில் எனக்குக் குறை உண்டு. தவான் செய்தது பெருந்தன்மை மட்டுமன்று, நிர்வாக நுட்பமும்கூட. பழியை அவர் வெளியே தாங்கிக்கொண்டதால்தான், உள்ளே இருந்தவர்கள் தலை தப்பவேண்டுமே என்ற கவலை இல்லாமல், எந்த வால்வு, எந்தக் கசிவு, எந்த முடிவு என்று உண்மையைப் பேச முடிந்தது. வெளியே பழியும் உள்ளே விசாரணையும் ஒரே ஆளின்மேல் ஒரே நேரத்தில் விழுந்தால் அவர் விசாரணைக்கு உதவமாட்டார், தன்னைக் காத்துக்கொள்வார். அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி ராக்கெட் 1987இலும் 1988இலும் இருமுறை தோற்று 1992இல் வென்றது. பி.எஸ்.எல்.வி 1993 செப்டம்பரில் முதல் ஏவலில் தோற்று 1994 அக்டோபரில் வென்றது. 2008இல் சந்திரயானையும் 2013இல் மங்கள்யானையும் சுமந்து சென்றது இதே பி.எஸ்.எல்.விதான். முதல் தோல்வியில் பொறியாளர்கள் ஒடுங்கிப் போயிருந்தால் இந்த வரிசை அங்கேயே நின்றிருக்கும்.

ஆனால் துணிச்சலை ஊக்குவிப்பது என்றால் எதை வேண்டுமானாலும் செய்து பார்க்க விடுவது என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். நீர்மூழ்கிப் பம்பின் மின்காப்புச் சோதனையைத் தவிர்த்துப் பார்ப்பது துணிச்சல் அன்று. அந்தப் பம்பு ஒரு விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றில் இறங்கப் போகிறது, அதன் ஸ்விட்சை அவர் ஈரக் கையோடு தொடக்கூடும். அங்கே விதி விதிதான். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கை வளைவைச் சிறிது மாற்றி, ஐந்து மட்டும் வார்த்து, டெஸ்ட் பெட் என்னும் சோதனை மேடையில் ஏற்றி, எத்தனை மீட்டர் உயரத்துக்கு எவ்வளவு நீர் வருகிறது, மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது வேறு. அங்கே விடை முன்கூட்டித் தெரியாது, தெரிந்துகொள்ளச் செய்து பார்ப்பதைத் தவிர வழியில்லை, தோற்றால் போவது ஐந்து இம்பெல்லர்கள். நம் ஊர் வியாபாரிகள் "முதலுக்கே மோசம் வரக் கூடாது" என்பார்கள். அந்த எல்லையை நீங்கள் முன்கூட்டியே, எழுத்தில், தொகையாகக் குறித்துவிட வேண்டும். இன்ன தொகை வரை, இத்தனை உருப்படிகள் வரை, வாடிக்கையாளருக்குப் போகாத வரை, இளம் பொறியாளரும் ஷிஃப்ட் சூப்பர்வைசரும் கையெழுத்திட்டால் போதும், உங்களிடம் வரவேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லை எங்கே என்று தெரியாதவர்தான் எதையுமே செய்யாமல் இருப்பார். ஆழம் தெரிந்தால் காலை விட ஆள் இருக்கும்.

முயற்சி தொடங்கும் முன் ஒரு பக்கத்தாளில் மூன்று வரி எழுத வையுங்கள்: எதை மாற்றப் போகிறோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம், எதைப் பார்த்தால் நிறுத்திவிடுவோம். இந்த மூன்றாவது வரிதான் பெரும்பாலும் விடுபடுகிறது. நிறுத்தும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ளாதவர், தோற்றுக்கொண்டிருக்கும் முயற்சியைத் தன் மானப் பிரச்சினையாக்கி இழுத்துக்கொண்டே போவார். நான் சொன்ன வார்ப்பாலையில் இப்படி ஒரு தாளும், அதில் அன்றைய மணல் ஈரப்பதத்துக்கு ஓர் இடமும் இருந்திருந்தால் அந்தக் காலைக் கூட்டமே வேறு விதமாக நடந்திருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, தவறு தெரிந்த முதல் நிமிடத்தில் மேலே இருப்பவர் என்ன செய்கிறார் என்பது. டொயோட்டா தொழிற்சாலைகள் பலவற்றில் கார்களைப் பூட்டும் அசெம்பிளி வரிசையின் மேலே ஒரு கயிறு ஓடும். எந்தத் தொழிலாளியும் குறையைக் கண்டால் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் அங்கே வருவார். குறித்த இடத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும். கயிற்றை மட்டும் நகலெடுத்த நிறுவனங்கள் பல உண்டு. ஓடி வருபவரின் முகத்தில் எரிச்சல் தெரிந்தால், இழுத்த கை அடுத்த முறை மேலே போகாது. எனவே உங்கள் சூப்பர்வைசர்களுக்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி மிகச் சிறியது. தவறைக் கேள்விப்பட்டவுடன் "யார் செய்தது?" என்ற கேள்வியை விட்டுவிட்டு, "என்ன பார்த்தீர்கள், அப்போது எது எப்படி இருந்தது?" என்று கேட்கப் பழகட்டும். சொல்வதற்கு எளிது, பழகுவதற்குப் பல மாதம் பிடிக்கும். நீங்கள் தொடங்காமல் அவர்கள் தொடங்கமாட்டார்கள். உங்கள் முடிவு ஒன்று தவறிப்போனதை, அதனால் எவ்வளவு போயிற்று என்பதோடு சேர்த்து, அடுத்த காலைக் கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள்.

டாடா குழுமம் தன் புத்தாக்கப் போட்டியில், பலன் தராமல் போன நேர்மையான முயற்சிகளுக்கென்றே "டேர் டு டிரை" என்ற விருதை வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் விருதில் தொடங்காதீர்கள் என்பேன். ஆண்டு இறுதி மதிப்பீட்டிலும் சம்பள உயர்விலும் தோற்ற முயற்சி ஒருவருக்குக் கழித்தலாக விழும்வரை, மேடையில் கொடுக்கும் கேடயத்தை யாரும் நம்பமாட்டார்கள். மதிப்பீட்டுப் படிவத்தில், இந்த ஆண்டு முயன்று பார்த்தவை என்ன, அவற்றிலிருந்து பிரிவு கற்றது என்ன என்று ஒரு வரியைச் சேர்த்து, அதை உண்மையிலேயே படித்து மதிப்பெண் கொடுங்கள்.

இனி மாணவர்கள். வேலை தருபவருக்கு மாணவரின் திறன் கண்ணுக்குத் தெரியாது. எனவே அவர் அடையாளங்களைப் பார்க்கிறார். பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் இதை ஆராய்ந்து எழுதினார், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். திறனற்றவர் எளிதில் பெற்றுவிட முடியாத அடையாளம்தான் எதையாவது சொல்லும், எல்லாருக்கும் எளிதில் கிடைக்கும் அடையாளம் எதையும் சொல்லாது என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டு நாள் பயிலரங்கில் அமர்ந்திருந்தாலே கிடைக்கும் சான்றிதழ்களை மாணவர்கள் பத்து, பதினைந்து என்று சேர்ப்பதால் ஏன் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. கோப்பு தடிப்பதற்கு ஏற்ப நீங்கள் குழம்புகிறீர்கள். அந்த மாணவரின் வீட்டிலோ ஒவ்வொரு சான்றிதழுக்கும் யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் நிலை இதைவிட வருத்தம் தருகிறது. நான்கு ஆண்டுப் படிப்பில் மாணவர் தானாக ஒன்றைச் செய்து காட்ட அமைந்த இடம் அது. ஆனால் பணம் கொடுத்தால் செய்து முடித்த கருவியையும் அறிக்கையையும் கையில் கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் நம் நகரங்களில் வெளிப்படையாகப் பலகை வைத்து நடக்கின்றன. மாணவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடாத கருவியோடு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போனால் மதிப்பெண் குறையும், ஓடும் கருவியை வாங்கிப்போனால் கூடும் என்று நாமே விதி வைத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உங்கள் குழு கல்லூரிக்குச் சொல்லவேண்டிய முதல் மாற்றம் இதுதான்: ப்ராஜெக்ட் மதிப்பெண்ணில் பெரும்பகுதியை முடிவுக்கு அல்லாமல் வழிக்குக் கொடுங்கள். மாணவர் வாரந்தோறும் எழுதிய குறிப்பேடு, மாற்றிய வரைபடங்கள், உடைந்துபோன பாகம், அது ஏன் உடைந்தது என்ற விளக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போகட்டும். இவற்றைக் கடையில் வாங்க முடியாது. வாங்கினாலும் இரண்டாவது கேள்வியில் பிடிபட்டுவிடும்.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்ற ஐயம் இருந்தால், உங்கள் ஊரிலேயே போய்ப் பாருங்கள். செட்டிபாளையத்தில், பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவர்தனின் நினைவாகப் பெயரிடப்பட்ட காரி மோட்டார் ஸ்பீட்வேயில், ஃபார்முலா பாரத் என்ற மாணவர் போட்டி நடந்துவருகிறது. பல மாநிலக் கல்லூரி அணிகள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரோடு வருகின்றன. வெறும் ஓட்டப் போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். வடிவமைப்பு, செலவு, வணிகத் திட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் உண்டு. தொழில்துறையிலிருந்து வரும் நடுவர்கள் காரின் அருகில் நின்று, இந்தக் குழாயின் தடிமனை ஏன் இப்படி வைத்தாய், வேறு எதைப் பரிசீலித்தாய், அதை ஏன் விட்டாய், எப்படிச் சோதித்தாய் என்று கேட்பார்கள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியாமல் ஓடுதளத்துக்கே வராத கார்களும், நெடுந்தூர ஓட்டத்தை முடிக்க முடியாமல் பாதியில் நிற்கும் கார்களும் உண்டு. பாதியில் நின்ற காரின் அணியிலிருந்து வந்த ஒரு மாணவியை நான் ஒருமுறை நேர்கண்டேன். செயின் ஏன் அறுந்தது என்று கேட்டபோது, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் நேர்வரிசை பிசகியதையும், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும், அடுத்த காரில் எதை மாற்றினார்கள் என்பதையும் காகிதத்தில் வரைந்து காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய மதிப்பெண் பட்டியலைப் பார்க்கவேண்டிய தேவையே எழவில்லை.

இத்தகைய அணியில் சேரும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்கிறது. காரைக் கட்டப் பணம் வேண்டும், வகுப்பு முடிந்த பின்னும் பட்டறையில் தங்க வேண்டும். பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து ஊர் திரும்பும் மாணவருக்கு அது இயலாது. அதனால் அந்த அனுபவத்தைப் பாடவேளைக்குள் கொண்டுவருவதே கல்லூரியின் கடமை. கோவைக்கு இதில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் அருகிலேயே 1951இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டது; மோட்டாரும் பம்பும் உண்மையிலேயே உற்பத்தியாகும் இடத்தில் மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். படிப்பும் தொழிற்கூட வேலையும் மாறிமாறி வரும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பும் அங்கே உண்டு. எல்லாக் கல்லூரிக்கும் சொந்தத் தொழிற்கூடம் இருக்காது. உங்களைப் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஸ்க்ராப் தொட்டியையாவது திறந்து விடலாம். தள்ளுபடியான பத்து வார்ப்படங்களை ஒரு வகுப்புக்குக் கொடுத்து, ஒவ்வொன்றும் ஏன் தள்ளுபடியானது என்று கண்டுபிடிக்கச் சொன்னால், அது உங்களுக்கு எந்தச் செலவும் வைக்காத உண்மையான வேலை.

நேர்காணலில் நான் திரும்பத் திரும்பக் காணும் இன்னொரு தடை, மொழியில் ஒளிந்திருக்கும் பணிவு. நம் மாணவர்கள் "நாங்கள் செய்தோம்" என்பார்கள். நால்வர் அணியில் இவர் செய்தது எது என்று கேட்டால் கூச்சப்பட்டு "எல்லாரும் சேர்ந்துதான், சார்" என்று முடித்துவிடுவார்கள். "நான் செய்தேன்" என்பது தற்பெருமை என்று வீட்டில் கற்றதை அவர்கள் மறக்கவேண்டியதில்லை. "அணியாகச் செய்தோம், அதில் வைண்டிங் கணக்கீடு என் பொறுப்பு, முதல் கணக்கில் கம்பியின் கேஜை மெல்லியதாக எடுத்துவிட்டேன், மோட்டார் சூடானது, பிறகு மாற்றினோம்" என்று சொல்வதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை. இதைச் சொல்லிப் பழக அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும். நண்பர்கள் முன்னும், மூத்த மாணவர்கள் முன்னும், உங்கள் பொறியாளர் ஒருவர் முன்னும் செய்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசும் வழக்கத்தை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கலாம். பொருள் கையில் இருக்கும்போது நாக்கு தானாக அவிழ்கிறது.

முதல் தலைமுறைப் பட்டதாரிகளையும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களையும் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். வார்ப்படத்தில் விழுந்த குழியைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாததால் எதுவும் தெரியாதவர் என்று முத்திரை குத்தப்படுவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். உங்கள் ஷாப் ஃப்ளோரில் நாள் முழுதும் பேசப்படுவது தமிழ்தான். அப்படியானால் தொழில்நுட்பப் பகுதியைத் தமிழில் கேளுங்கள், தமிழில் விடை சொல்லட்டும். வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் தேவை இருந்தால் அதைத் தனிச் சோதனையாக வைத்துத் தனி மதிப்பெண் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டையுமே அளக்க முடியாமல் போகும்.

மாணவர் காட்டினாலும் பார்க்கத் தெரியாத நேர்காணலால் பயனில்லை. எந்தத் தேர்வு முறை பின்னாளைய பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்ட்டர் என்ற இருவர் 1998இல் வெளியிட்டார்கள். ஒன்று என்றால் முழுக் கணிப்பு, சுழியம் என்றால் கணிப்பே இல்லை என்ற அளவுகோலில், வேலையின் மாதிரி ஒன்றைச் செய்யவைத்துப் பார்ப்பது 0.54 பெற்றது, எத்தனை ஆண்டு படித்தார் என்பது வெறும் 0.10. அந்தக் கணக்கீட்டில் சில திருத்தங்கள் தேவை என்று பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் மறுகணக்கிட்டபோது எண்கள் இறங்கின. வேலை மாதிரி 0.33 ஆனது, எல்லாருக்கும் ஒரே கேள்விகளைக் கேட்டு முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் இடும் நேர்காணல் 0.42 பெற்று முதலிடத்துக்கு வந்தது. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலோ 0.19தான். நம் நிறுவனங்களில் பெரும்பாலும் நடப்பது இந்தக் கடைசி வகை. "உன்னைப் பற்றிச் சொல்" என்று தொடங்கி, அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர் என்று போய், முகராசியில் முடிகிறது.

உங்கள் அடுத்த வளாக நேர்காணலுக்கு ஒரு சிறு வேலை மாதிரியை வைத்துப் பாருங்கள். தேய்ந்த இம்பெல்லர் ஒன்றையும், அது ஓடிய பம்பின் சோதனைப் பதிவையும் மேசையில் வையுங்கள். அரை மணி நேரம் கொடுங்கள். என்ன நடந்திருக்கும், உறுதிசெய்ய இன்னும் எதை அளக்கவேண்டும் என்று கேளுங்கள். சரியான விடையைச் சொன்னாரா என்பதைவிட, எதை அளக்கவேண்டும் என்று கேட்டாரா என்பதற்கு மதிப்பெண் இடுங்கள். எல்லாருக்கும் அதே இம்பெல்லர், அதே கேள்விகள், இரண்டு பேர் தனித்தனியாக இடும் மதிப்பெண் என்று இருக்கட்டும். ஆனால் உங்கள் உண்மையான சிக்கலை வீட்டு வேலையாகக் கொடுத்து ஒரு வாரம் உழைக்கவைத்து இலவச யோசனை பெறும் பழக்கம் சில இடங்களில் பரவியிருக்கிறது. அது சுரண்டல். அரை நாளுக்கு மேல் உழைப்பு கேட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும்.

திறனைக் காட்ட நேர்காணலைவிட நல்ல இடம் வேலையேதான். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் சென்னைத் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாக எடுக்கலாம். உதவித்தொகையில் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. பலர் இதைக் குறைந்த செலவில் ஆள் கிடைக்கும் வழியாக மட்டும் பார்த்து, ஓராண்டு முழுவதும் லேபிள் ஒட்ட விடுகிறார்கள். ஒவ்வொரு பழகுநருக்கும், முன்சொன்ன தொகை எல்லைக்குள், தானே எழுதிய மூன்று வரித் தாளோடு ஒரு முயற்சியைக் கட்டாயமாகக் கொடுங்கள். அவர் உங்களிடமே தொடர்ந்தாலும் வேறிடம் போனாலும் அந்தத் தாளின் நகல் அவரோடு போகட்டும். மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு இணைத்துத் திறன் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சி முடிவில் ஒரு சான்றிதழோடு நின்றுவிடாமல், செய்து பார்த்த ஒன்றின் பதிவும் மாணவர் கையில் இருக்கும்படி கல்லூரி பார்த்துக்கொள்ளலாம். மென்பொருள் மாணவர்கள் கிட்ஹப் என்ற இணையதளத்தில் தங்கள் நிரலை, அழித்துத் திருத்திய வரலாறு உட்பட, எல்லார் பார்வைக்கும் வைக்கிறார்கள். இயந்திரவியல் மாணவருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. குறிப்பேடும் நிழற்படங்களும்தான் அவருக்கு அது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கல்லூரிக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் பிரிவில் தோற்றுப்போன ஒரு முயற்சியின் வார்ப்படத்தைக் குறுக்கே அறுத்து எடுத்துச் செல்லுங்கள் என்பேன். அதை முயன்ற இளம் பொறியாளரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் மூன்றாம் ஆண்டு வகுப்பு ஒன்றில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, அந்தத் துண்டை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டு, என்ன நினைத்துச் செய்தோம், எங்கே தவறியது என்று அவரையே பேச விடுங்கள். நீங்கள் பின் வரிசையில் உட்கார்ந்து, எந்த மாணவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பதைப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.